கிலாட் டப்பா

எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் கார் துடைப்பதற்கென்று கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிய முதல் ஆள் என் சித்தப்பாதான். அவரிடம் கார் கிடையாது என்பதுதான் வேடிக்கை. கார் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் பெரிய கிராணியுடையது. கறுப்பு நிறம், வெயிலில் நின்று நின்று சாம்பல் பூத்துப் போயிருந்தது. அதைப் பழையபடி பளபளக்க வைத்துக் காட்டினால் டிரைவராகச் சேர்த்துக்கொள்வதாகக் கிராணி சொல்லியிருந்தார்.

அதுவரை சித்தப்பா எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை வெட்டிக்கொண்டிருந்தார். நல்ல வேலைக்காரர் என்று பெயர். திடீரென்று ஒருநாள் வேலைக்காட்டுக்குப் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டார். அப்பாவுக்கு மானம் போயிற்று.

"ஆம்பள மரத்தடிக்குப் போவாம காரு தொடைக்கப் போறானாம்! நாளைக்கு அந்தக் காருக்குப் பவுடரு போடுவான் பாரு," என்று லயமே கேட்கும்படி சொன்னார். அம்மா மட்டும், "விடுங்களே, அது மனசுல என்ன இருக்கோ," என்றார்.

அது மழைக்காலம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கடைசி வீட்டு அண்ணன் வேலைக்காட்டில் இடி விழுந்து செத்துப்போயிருந்தார். அன்று சித்தப்பா இரண்டு அரிவாள் கம்புகளைத் தோளில் போட்டுக்கொண்டு நனைந்தபடி லயத்துக்கு வந்தார். ஒன்று அவருடையது, மற்றது அந்த அண்ணனுடையது. அதிலிருந்து வானம் கறுத்தாலே நான் கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வேன். மிரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருண்டதெல்லாம் இடி.

செகிஞ்சானில் இருந்த சீனர் கடைக்கு என்னையும் மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போனார் சித்தப்பா. மூன்றாம் வகுப்புப் படிக்கிறவளுக்கு டப்பாக்களில் எழுதியிருப்பது புரியும் என்பது அவருடைய நம்பிக்கை. எனக்கு எழுத்துகள் தெரியும். அவை ஒன்றுசேர்ந்து என்ன சொல்கின்றன என்பதுதான் தெரியாது.

கடைக்குள் நுழைந்ததும் சித்தப்பா துணி துவைக்கிற சோப்புக் கட்டியையும் சட்டி தேய்க்கிற பிரஷையும் எடுத்துக் கடைக்காரர் முன்னால் வைத்தார். கார் கழுவ என்று தெரிந்ததும் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிரஷைப் பிடுங்கி மறுபடி தொங்கவிட்டார். காருக்கென்றே இருக்கிற சோப்புத் தண்ணீர்ப் புட்டி, பஞ்சு, ஈரத்தை உறிஞ்சும் ஆட்டுத்தோல் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். சித்தப்பாவுக்குக் கண் சுவரில் தொங்கிய பாலிஷ் மிஷின் மேல்தான். புதிதாகக் கற்றுக்கொள்கிறவன் அதைத் தொடக்கூடாது, அழுத்திவிட்டால் பெயிண்டே எரிந்துபோகும், முதலில் கையால் செய் என்று கடைக்காரர் மலாயில் அதட்டினார்.

பிறகு இரண்டு டப்பாக்கள் வந்தன. முதல் டப்பாவில் இருந்த களிம்பு கறையை அரித்து எடுப்பதற்கு. அதை யார் கண்ணிலும் படாத மூலையில் கொஞ்சம் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடத்தில் தொட வேண்டுமாம். சித்தப்பா மூடியைத் திறந்து, நல்லெண்ணெய் வாங்குகிறவர் மாதிரி மோந்து பார்த்தார். இரண்டாவது தட்டையான மெழுகு டப்பா. கடைக்காரர் அதைத் தூக்கிக் காட்டி, "சாப்பு சிக்கிட், தெருஸ் கிலாட்!" என்றார்.

கொஞ்சம் தடவு, உடனே கிலாட். பள்ளிக்கூடத்து மலாய்ப் புத்தகத்தில் கிலாட் என்ற பாடம் அந்த மாதம்தான் நடந்திருந்தது. கறுப்பு வானம், அதைக் கிழித்துக்கொண்டு கோணலாக இறங்கும் மஞ்சள் கோடு, கீழே பிளந்து கிடக்கும் மரம். கிலாட் என்றால் மின்னல். பளபளப்புக்கும் மலாயில் அதே சொல்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த டப்பா மூடியிலும் ஒரு கார் படம் போட்டு அதன்மேல் வெள்ளையாக ஒரு கோணல் கோடு இழுத்திருந்தது. சித்தப்பா சிரித்துக்கொண்டே அதை வாங்கி என் மடியில் வைத்தார்.

திரும்பும் வழியெல்லாம் வயல். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நாற்று, எங்களைவிட உயரமாக ஒன்றுமே இல்லை. கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்தது. மடியில் டப்பா சுடுவது போலவே இருந்தது. வாய்க்காலில் எறிந்துவிடலாமா என்று பார்த்தேன், கை வரவில்லை. முதல் இடி முழங்கியதும் சித்தப்பா வண்டியை முறுக்கினார். பஸ் நிறுத்தக் கொட்டகையைக் கண்டதும் வண்டியைப் போட்டது போட்டபடி என்னைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். மூலையில் முதுகை ஒட்டிக் குந்திக்கொண்டார். அவருக்கும் டப்பாவின் விஷயம் தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"சித்தப்பா, இத திருப்பிக் குடுத்துடலாம்," என்றேன்.

"வேணாம் பாப்பா. இது இருந்தாத்தான் சித்தப்பா பொழைக்க முடியும்."

மழை விட்டு வெயில் வந்த பிறகும் வெகுநேரம் அவர் அங்கிருந்து எழவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கிராணி வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் காரை நிறுத்திச் சித்தப்பா வேலையை ஆரம்பித்தார். வெளியில் வெளிச்சமாக நிறுத்தக்கூடாதா என்று கிராணியம்மா கேட்டதற்கு, உள்ளேயே இருக்கட்டும் என்றுவிட்டார். கழுவி, துடைத்து, பின்பக்கம் பம்பருக்குக் கீழே களிம்பைத் தேய்த்துப் பார்த்து, பிறகு முழுக்கத் தேய்த்தார். கடைசியாக அந்த மெழுகு டப்பாவைத் திறந்தார். நான் வேலியோரம் நின்றேன். அவர் வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்றார். வட்டம் வட்டமாகத் தடவத் தொடங்கியதும் தூரத்தில் உருண்டது இடி. சித்தப்பாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

செத்துவிடுவார் என்றே நம்பினேன். ரப்பரில் கரண்ட் பாயாது என்று டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு ஓடி, வாசலில் கிடந்த அம்மாவின் ரப்பர் சிலிப்பரை எடுத்துக்கொண்டு வந்து அவர் காலடியில் போட்டேன்.

"போட்டுக்குங்க சித்தப்பா. கிலாட் அடிக்காது."

அவர் சிரிக்கவில்லை. குனிந்து என் முகத்துக்கு நேராக வந்து, ரகசியம் மாதிரி, "மெய்யாவா? இத போட்டா அடிக்காதா?" என்று கேட்டார்.

"அடிக்காது. ரப்பரு. டீச்சரே சொன்னாங்க."

சிலிப்பரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "கடைசி வீட்டு அண்ணன் அன்னிக்கு ரப்பர் பூட்ஸுதான் போட்டிருந்தாரு, பாப்பா," என்றார்.

இதற்கா எனக்குப் பதில் தெரியாது? "அதுல ஓட்டை இருந்திருக்கும்," என்றேன்.

"இருந்திருக்கும்லா," என்று சித்தப்பா உடனே ஒப்புக்கொண்டார். குதிகால் பாதி வெளியே தொங்க, அம்மாவின் சிலிப்பரை மாட்டிக்கொண்டு மறுபடி தடவத் தொடங்கினார். இடி கடல் பக்கமாகப் போய்விட்டது. சாயங்காலம் கிராணி வந்து, கார்க் கதவில் தெரிந்த தன் மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, அடுத்த வாரமே வேலைக்கு வரச் சொன்னார்.

நான் ஒரு உயிரைக் காப்பாற்றிய பெருமையில் வீட்டுக்கு நடந்தேன். செத்துப்போன அண்ணன் அன்று காலில் என்ன போட்டிருந்தார் என்பது சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.