நோரீனின் நாற்பது பங்கு

நோரீன் பேட்ஜெட் வீடு வாங்கிவிட்டாள் என்ற செய்தி எங்கள் பஸ் டிப்போவுக்கு வந்தபோது யாரும் நம்பவில்லை. இங்கிலாந்தின் இந்தப் பீட்டர்பரோ தெருக்களில் பல வருஷமாக பஸ் ஓட்டுகிறவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தனி ஆள் சம்பளத்தில் இந்த ஊரில் யார் வீடு வாங்க முடிகிறது?

"முழு வீடு இல்லப்பா. நூத்துக்கு நாப்பது பங்குதான் என்னோடது. மீதி வீட்டுவசதிச் சங்கத்தோடது. என் பங்குக்கு பேங்க் கடன் கட்டணும், அவங்க பங்குக்கு வாடகை கட்டணும்" என்றாள்.

"அப்போ நீ வீட்டுக்காரியா, குடித்தனக்காரியா?" என்று கேட்டான் பார்னபி. எங்கள் ஷிப்ட் சூப்பர்வைசர். யாரையும் சும்மா விடமாட்டான்.

நோரீன் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தாள். "ரெண்டும்னுதான் நெனைக்கிறேன்."

"சமையல் பண்ணும்போது எந்தப் பக்கம் நிப்பே? உன் பக்கமா, சங்கத்துப் பக்கமா?"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளை விடவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அவளுக்கு முன்பு ஒரு கல்யாணம் நடந்திருந்தது. வீடு, காலின் என்ற அந்தக் கணவனின் பேரில் இருந்தது. பிரிந்தபோது இரண்டு பைகளோடு வெளியே வந்தாள். அந்த வீட்டுச் சுவர்களுக்கு வர்ணம் அடித்தது அவள். தோட்டத்தில் ரோஜா வைத்தது அவள். பிறகு வாடகை அறைகள். ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஏதோ ஒரு நாளில் "காலி பண்ணுங்க" என்று சொன்னான். ஆகவே நாற்பதோ, நான்கோ, தன் பேரில் ஒரு கதவு வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

புது வீட்டுக்குக் குடிபோன முதல் ஜனவரியில் வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றுபோனது. சங்கத்துக்குப் போன் போட்டாள்.

"உள்ளே இருக்கிறதெல்லாம் உங்க பொறுப்புங்க" என்றது ஒரு இனிமையான குரல்.

"பாய்லர்ல அறுபது பங்கு உங்களோடதுதானே?"

"வீட்டுலதான் எங்க பங்கு இருக்கு. ரிப்பேர் முழுசும் உங்களோடது."

"வாடகை மட்டும் உங்களுக்கா?"

"ஆமாங்க. வேற ஏதாவது உதவி வேணுமா?"

போனை வைத்துவிட்டு, கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் எதிர் ஃபிளாட் டெரிக் ஹாலம் கதவைத் தட்டினார். தபால்காரர், மனைவியை இழந்தவர். கையில் ஒரு மின்சார ஹீட்டர்.

"சுவர் மெல்லிசுங்க. நீங்க போன்ல பேசினது கேட்டுச்சு. எனக்கும் போன வருஷம் இதே கதைதான்."

"உங்களோடதும் பங்கு வீடா?"

"கால் பங்கு. என் பக்கத்துல நிக்க வச்சா நீங்க பணக்காரி."

அந்த ஹீட்டர் திரும்பிப் போகவேயில்லை. டெரிக் ஞாயிறுதோறும் ஆட்டுக்கறி வறுவலுக்கு வரத் தொடங்கினார். கோடை முடியும் முன் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார். அவளும் சரி என்றாள். அதற்குப் பிறகுதான் குழப்பம்.

இரண்டு பேருக்கும் இரண்டு துண்டு வீடுகள். ஒன்றை வாடகைக்கு விடலாமா? விதி இடம் தராது. இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா? அவரவர் பங்கு வீட்டில் அவரவர் குடியிருக்க வேண்டுமாம். ஒருவர் விற்றுத்தான் ஆக வேண்டும். விற்பதானாலும் முதலில் சங்கம்தான் ஆள் தேடும்.

"என்னோடதை வித்துடறேன். உன்னோட வந்துடறேன். அந்தக் காசுல சங்கத்துக்கிட்டேருந்து இன்னும் கொஞ்சம் பங்கு சேத்து வாங்கலாம். பத்திரத்துல என் பேரையும் சேத்துக்கலாம்" என்றார் டெரிக்.

நோரீன் உடனே கேட்டாள்.

"என் நாப்பதுல பாதி உனக்கா?"

"நான் அப்படிச் சொல்லலியே."

"பேரு சேத்தா அப்படித்தானே ஆகும்? எனக்கு வேணாம் டெரிக். கல்யாணம் வேணும். பேரு சேக்கறது வேணாம். ஐயோ, என்ன சொல்றேன்னு எனக்கே தெரியல."

டெரிக் தொப்பியை எடுத்துக்கொண்டு எதிர்க் கதவுக்குள் போய்விட்டார். ஞாயிறு வந்தது, கறி மிஞ்சியது. அடுத்த ஞாயிறும் அப்படியே. பஸ் ஓட்டும்போது திருப்பங்களைத் தவறவிட்டாள். வீடு போய்விடும் என்ற பயமா, மனிதர் போய்விட்டார் என்ற துக்கமா, எது எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை என்றாள் என்னிடம். ஓய்வறையில் அழுதாள். பார்னபிகூட அன்று கேலி செய்யவில்லை.

கடைசியில் அவளே போய் எதிர்க் கதவைத் தட்டினாள். காலின் வீட்டுக் கதையை முதல்முறையாக முழுவதும் சொன்னாள். டெரிக் இடைமறிக்காமல் கேட்டார்.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன் கோச்சுக்கப்போறேன்? நாளைக்கே வக்கீலைப் பாக்கலாம் வா."

வக்கீல் அம்மா இரண்டு தடவை விளக்கினார். பழைய நாற்பது நோரீனுக்கு மட்டும், புதிதாக வாங்குவது இருவருக்கும் பொது, மீதி சங்கத்துக்கு. எழுதி வைத்துவிட்டால் யாரும் யாரையும் வெளியே அனுப்ப முடியாது. டெரிக்கின் ஃபிளாட் ஒரு நர்ஸுக்கு விலைபோனது. இலையுதிர்காலத்தில் கல்யாணம், டிப்போவே திரண்டு போனோம்.

வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு இருவரும் பக்கத்துக் கடையில் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் சாப்பிட்டார்களாம். நோரீன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மா சொன்னது எனக்கு இன்னமும் முழுசா புரியல."

"எனக்கும்தான்."

"அப்புறம் ஏன் தலையாட்டினே?"

"நீ ஆட்டினே. உனக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இருவரும் சிரித்திருக்கிறார்கள்.