புதன்கிழமை, பதினொன்று நாற்பத்திரண்டு

மலேசியாவில், ரவாங்கில் ஆற்று நீரையும் ஆலைக் கழிவையும் சோதித்துத் தரும் அந்தச் சிறிய ஆய்வுக்கூடத்தில் தனேஸ்வரிக்குப் பாகற்காய் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவளுக்கும் தெரியும். யாராவது தேதி இல்லாத மாதிரியைக் கொண்டு வந்தால் வாங்க மாட்டாள். கெஞ்சினாலும் வாங்க மாட்டாள். சிரித்துப் பேசி வேலை வாங்கலாம் என்று வந்தவர்கள் முகம் சுருங்கித் திரும்பியிருக்கிறார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பள்ளியில் படிவம் ஐந்து முடித்ததும் இங்கே பாட்டில் கழுவ வந்தாள். கணினிகளைப் பார்த்துக்கொண்டவர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருந்த சர்வரைத் தொட எல்லோருக்கும் பயம். கழுவிய பாட்டில்கள் காய்கிற நேரத்தில் அவள் கட்டளைகளின் விளக்கங்களைப் படித்துப் படித்துத் தானாகக் கற்றுக்கொண்டாள். மேலாளர் சேதுதான் அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். அவரும் கலும்பாங் தோட்டத்திலிருந்து வந்தவர். நம்ம பிள்ளை ஒன்று மேலே வரட்டும் என்று முதலாளி அம்மாவிடம் பேசி வாங்கிக் கொடுத்தார். அதை அடிக்கடி சொல்லியும் காட்டுவார்.

சோதனைக் கருவி ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு கோப்பை எழுதித் தரும். அதில் எண்கள் மட்டும்தான் இருக்கும். ஓர் எழுத்தை மாற்றினாலும் செல்லாத கோப்பு என்று கருவி காட்டிக் கொடுத்துவிடும். அதனால் எந்த இடத்து நீர், யார் எடுத்தது, எப்போது என்பதையெல்லாம் கோப்புக்குள் எழுத முடியாது. தனேஸ்வரி அவற்றைக் கோப்பின் நீட்டிப்புப் பண்புகளாகச் சேர்த்தாள். மூட்டையைப் பிரிக்காமல் அதன் வாயில் சீட்டுக் கட்டுவது மாதிரி. setfattr என்று தட்டினால் சீட்டு ஏறும். getfattr என்று தட்டினால் படிக்கலாம். பென்டிரைவில் போட்டால் சீட்டு உதிர்ந்துவிடும், சும்மா நகல் எடுத்தாலும் வராது என்பதால், அன்றாடம் வீட்டுக்குக் கிளம்பும் முன் எல்லாச் சீட்டுகளையும் ஒரே உரைக்கோப்பாக இறக்கி விமலாவின் கணினிக்கு அனுப்பி வைப்பாள். விமலா மூத்த ஆய்வாளர். இரண்டு பேருக்கும் ஆகாது. ஆனால் சர்வருக்கு வெளியே ஒரு நகல் வைக்க அந்தக் கணினி மட்டும்தான் கிடைத்தது.

அந்தத் திங்கட்கிழமை வந்த மாதிரிகள் இரண்டு. கம்போங் குவாந்தானுக்கு ஆற்றோட்டத்தில் மேற்புறம், ஓர் எண்ணெய்ப்பனை ஆலையின் வாய்க்கால் ஆற்றில் விழுகிற இடத்தில் எடுத்தவை. ஒன்று வாய்க்காலுக்கு மேலே, ஒன்று கீழே. மேலே எடுத்தது பரவாயில்லை. கீழே எடுத்தது சாக்கடை.

செவ்வாய்க்கிழமை காலை சேது அவளுடைய மேசைக்கு வந்து நின்றார். ஆலைக்காரர்கள் பழைய வாடிக்கை, இந்த அறிக்கை போனால் வேறு கூடத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஃபைல தொட வேணாம் தனேஸ். ரெண்டு சீட்டையும் இடம் மாத்திப் போடு. ரெண்டு வரி வேலைலா."

"மாத்த மாட்டேன் சார்."

"நம்மாளுன்னுதான உங்கிட்ட கேக்குறேன்."

"நம்மாளுங்கதான் சார் அந்தத் தண்ணியில படகு ஓட்டுறாங்க."

மின்மினி பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிச் செல்லும் ராஜுவும் அவர் கூட்டாளிகளும் புகார் கொடுத்துத்தான் அந்த மாதிரிகளே எடுக்கப்பட்டிருந்தன. சேது அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாளும் அதற்கு மறுநாளும் அவள் விடுப்பில் இருந்தாள். மாமியாருக்குக் கண் அறுவை. வெள்ளிக்கிழமை திரும்பியபோது அறிக்கை அவள் பெயரோடு போயிருந்தது. வாய்க்காலுக்கு மேலே அழுக்கு, கீழே சுத்தம். ஆலை ஆற்றைக் கழுவி விடுகிறது என்று சொல்லாத குறை. கேட்டால் சேது கோப்புகளை மறுபடி தொட்டுத் தடயத்தை அழித்துவிடுவார் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு கோப்புகளையும் பார்த்தாள், தேவையானதைக் குறித்துக்கொண்டாள்.

படகுக்காரர்கள் விடவில்லை. அதே திங்கட்கிழமை, அதே இடங்களில், அவர்களும் தனியாக நீர் எடுத்து வேறொரு கூடத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த முடிவு நேர் எதிராக இருந்தது. அவர்களுடைய கடிதம் முதலாளி அம்மாவின் மேசைக்கு வந்த அன்றே, சீட்டை மாற்றி ஒட்டிய தவறுக்கு விளக்கம் கேட்டுத் தனேஸ்வரியின் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார் சேது. கீழே அவருடைய கையெழுத்து.

கூட்ட அறையில் நான்கு பேர். முதலாளி அம்மா, சேது, விமலா, அவள். சேது முதலில் பேசினார். படிவம் ஐந்து படித்த பெண்ணிடம் இவ்வளவு பொறுப்பைக் கொடுத்தது தன் தப்புதான் என்று வருத்தத்தோடு சொன்னார். தனேஸ்வரி மடிக்கணினியைச் சுவர்த் திரையோடு இணைத்தாள்.

கோப்புக்கு இரண்டு நேரங்கள் உண்டு என்றாள். உள்ளே இருப்பதை எழுதிய நேரம் ஒன்று. சீட்டு உட்பட எதைத் தொட்டாலும் நகர்கிற நேரம் இன்னொன்று. இரண்டு கோப்பிலும் முதல் நேரம் திங்கட்கிழமை. இரண்டாவது நேரம் புதன்கிழமை, பதினொன்று நாற்பத்திரண்டு. அந்தக் கோப்புகளில் எழுத அனுமதி இருப்பது இரண்டு கணக்குகளுக்கு. ஒன்று அவளுடையது, மற்றது சேதுவுடையது. சர்வரைக் கட்டடத்துக்கு வெளியிலிருந்து தொட முடியாது. புதன்கிழமை அவள் கண் வார்டில் இருந்தாள். அதற்கு மருத்துவமனைச் சீட்டு இருந்தது.

"நேரம் மாறினா சீட்டுதான் மாறுச்சின்னு எப்படிச் சொல்வ? முன்னாடி என்ன எழுதியிருந்தன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் சேது.

அது நியாயமான கேள்வி. அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள். விமலாவைப் பார்த்தாள். இரண்டு வருடமாக அந்தப் பெண்ணோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"திங்கக்கிழமை சாயங்காலம் அனுப்புனது ஒங்ககிட்ட வந்துச்சா இல்லையா?"

விமலா சேதுவைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள். வந்தது, தான் திறந்து பார்க்கவில்லை என்றாள். திறக்கச் சொன்னார் முதலாளி அம்மா. போய் மடிக்கணினியை எடுத்து வந்து திறந்தாள். கருவியின் கோப்பு எண், அதன் கீழே இடம், நேரம், மாதிரி எடுத்தவர் பெயர். வாய்க்காலுக்குக் கீழே என்ற சீட்டு சாக்கடைக் கோப்பில்தான் இருந்தது.

சேது எழுந்து போய்விட்டார்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றுத் திருத்தி அனுப்பினார்கள். ஆலைக்காரர்கள் வேறு கூடத்துக்குப் போய்விட்டார்கள். அதோடு மாதம் தவறாமல் வந்த சனிக்கிழமைக் கூடுதல் சம்பள வேலையும் போய்விட்டது. அதற்குச் சேதுவை யாரும் திட்டவில்லை. பாகற்காய் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்றுதான் பேசினார்கள். விமலா, இனிமேல் அந்த உரைக்கோப்பைத் தன் கணினிக்கு அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கேட்டாள். தனேஸ்வரி அந்தக் கோப்பை வைக்க வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

தன் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்த அன்று சேது வாகன நிறுத்தத்தில் அவளை மறித்தார்.

"பாட்டில் கழுவிக்கிட்டிருந்தவள நான் தூக்கி விட்டேன்."

"ஆமா சார். அதுக்காக ஒங்க அழுக்கையும் கழுவணுமா?"

அவர் கார்க் கதவை அறைந்து சாத்தினார்.

இரண்டு வாரம் கழித்து ராஜு ஒரு பை நிறைய இறால் எடுத்துக்கொண்டு நன்றி சொல்ல ஆய்வுக்கூடத்துக்கே வந்தார். தங்கச்சி எங்களுக்காகச் சண்டை போட்டாங்களாம் என்று வரவேற்பு மேசையில் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தனேஸ்வரி வெளியே வந்தாள். பையைத் தொடவில்லை.

"ஒங்களுக்காக ஒண்ணும் செய்யலண்ணே. நாளைக்கு நீங்க வந்து மாத்தச் சொன்னாலும் இதேதான் சொல்வேன். எறால எடுத்துட்டுப் போங்க, இங்க வாங்கக் கூடாது."

ராஜு பையைத் தூக்கிக்கொண்டார். பிறகு சரிம்மா என்று சொல்லிவிட்டு நடந்தார். அவள் உள்ளே போய், அன்று காலை வந்த மாதிரிகளில் தேதி எழுதாத மூன்று பாட்டில்களைத் திருப்பி அனுப்பினாள்.