இடது பக்கக் கதவு

என் கணவர் அந்தப் பிக்கப்பைத் தானே கட்டினார். ஓசூரில் லேத் வேலை முடிந்து வந்ததும் பக்கத்துக் காலி மனையில் அதன் அடியில்தான் கிடப்பார். முன்பகுதி வெள்ளைக்காரன் காலத்து வேனுடையது. எஞ்சின் ஏலத்தில் போன ஜீப்புடையது. கதவுகள் வேறு ஏதோ காருடையவை. எல்லாம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியவை. இடது பக்கக் கதவு சட்டத்தில் கவ்வாது. வண்டி வலப்பக்கம் திரும்பினால் தானாகத் திறந்துகொள்ளும். சூளகிரி போகும்போது ஒருமுறை அப்படித் திறந்தது. என் மூன்று வயது மகளைப் பாவாடையோடு பிடித்து இழுத்தேன். அன்று முதல் ஒரு வருடம், கிழிந்த புடவைத் துண்டால் கதவையும் சீட்டையும் சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

வண்டியை வாங்க ஆள் வருவதற்கு முந்தின நாள் அவர் கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். புடவைத் துண்டை அவிழ்த்துக் கிரீஸ் துடைக்கப் போட்டார்.

"ஏங்க, கதவைப் பத்திச் சொல்லிடுவீங்கள்ல?"

"கேட்டா சொல்றேன். நீ வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

வாங்க வந்தவர் கர்நாடக எல்லைக்கு அந்தப்பக்கம் ஆனேக்கல்லில் தக்காளி வியாபாரம் செய்பவர். மனைவியும் சின்னப் பெண்ணும் கூட வந்திருந்தார்கள். எஞ்சினைக் கேட்டார், டயரை உதைத்துப் பார்த்தார். கதவைப் பற்றிக் கேட்கவில்லை. விலை பேசி முடித்ததும் தன் மகளைத் தூக்கி இடது ஓரத்தில் உட்காரவைத்தார்.

 அப்போதும், வெளியாள் முன்னால் கணவரை விட்டுக்கொடுக்கலாமா என்று யோசித்தேன். படித்தவள் யோசித்த லட்சணம்!

"அந்தக் கதவு திறந்துக்கும்ங்க."

வியாபாரி சிரித்தார். "அம்மாவுக்கு வண்டிய வுட மனசில்ல போல, சார்!"

"காலைலருந்தே மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா," என்று என் கணவரும் சேர்ந்து சிரித்தார். சூளகிரி சாலையில் வண்டி ஓட்டியவர் அவர்தான்.

கிரீஸ் துணிகளுக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்து வந்தேன். வியாபாரியின் மனைவிக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் கன்னடம் வராது. அவள் கண்முன்னே கதவையும் சீட்டையும் கட்டிக் காட்டினேன். பிறகு அவிழ்த்துவிட்டு, மூடிய கதவைத் தோளால் ஓர் இடி இடித்தேன். திறந்துகொண்டது.

அவள் குழந்தையை வெடுக்கென்று இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நானு பஸ்ஸல்லே பர்த்தீனி," என்று கணவனிடம் சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். வியாபாரி என் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே போய்விட்டார்.

"இப்ப சந்தோஷமாடி உனக்கு?"

மறுவாரம் அவர் ஒரு பூட்டு வாங்கிவந்து கதவில் பற்றவைத்தார். காலையில் தொடங்கியவர் மதியச் சோற்றுக்குக் கை கழுவிக்கொண்டு வந்துவிட்டார். அரை நாள் வேலை. விற்பதற்காகச் செய்தார். ஒரு வருடம் அந்தக் கதவோரம் என் மடியில் உட்கார்ந்திருந்தது எங்கள் மகள். நானும் வாய் திறக்காமல், தினமும் ஒழுங்காக முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன்.