மலைக்குப் போன நாற்காலி

யுத்தம் முடிந்த வருஷம் அது. தை கிருத்திகைக்கு முருகனைப் பார்த்தே ஆகவேண்டும் என்று கௌரியம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். முட்டி இரண்டும் மடங்காது. திருத்தணி மலைக்கோ முந்நூற்று அறுபத்தைந்து படி. "நாற்காலி செஞ்சி தூக்கிகினு போறேன் அக்கா" என்று வாக்குக் கொடுத்தான் அவள் தம்பி ஜம்புலிங்கம். தச்சன்.

அவனுக்கு அளவுகோலைவிட உடம்பில்தான் நம்பிக்கை. கட்டில் செய்தால் படுத்துப் பார்ப்பான். கலப்பை செய்தால் மேழியைப் பிடித்து வாசலை ஒரு சுற்று சுற்றுவான். இந்த நாற்காலியிலும் உட்கார்ந்து, கண்ணை மூடி, முருகா என்றான். முதுகில் எங்கும் உறுத்தவில்லை. இரண்டு மூங்கிலில் வைத்துக் கட்டி, நாலு ஆளைக் கூப்பிட்டு, அடிவாரத்தில் ஒத்திகை பார்த்தான்.

பத்தாவது படியில் அக்கா மல்லாந்துவிட்டாள்.

"டேய், முருகன்கிட்ட கூட்டிகினு போடான்னா எமன்கிட்ட கூட்டிகினு போறியே!"

கூட வந்த ஜம்புலிங்கத்தின் மைத்துனன் வேதாசலம் சிரித்தான். நிலம் அளக்கிற ஆபீசில் சங்கிலி பிடிப்பவன். "பாவா, நீ உக்காந்து பாத்தது சமதரையில. படி சமதரையா?" தூக்குநூலை விட்டுப் படியின் உயரம், அகலம் எல்லாம் அளந்து, "பின்கால ஏழு அங்குலம் ஏத்து" என்றான்.

"ஏழு அங்குலமா? எங்கக்கா முதுகு உன் நூலுக்குத் தெரியுமா மச்சான்?"

"முதுகு யாருதா இருந்தா இன்னா? சரிவு ஒண்ணுதானே."

ஜம்புலிங்கம் பின்காலை உயர்த்தினான். வீட்டில் உட்கார்ந்து பார்த்தால் முன்னால் வழுக்கியது. உடம்பு தப்பு என்றது, நூல் சரி என்றது. எதை நம்பி அக்காவை ஏற்றுவது? நாலு நாள் சோறு இறங்கவில்லை.

கிருத்திகையன்று கௌரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாள். தரிசனமும் ஆயிற்று. வேதாசலம் மீசையைத் தடவிக்கொண்டான்.

இறங்கும்போது வழக்கப்படி ஆட்கள் நாற்காலியைத் திருப்பி, அவள் முகம் ஊரைப் பார்க்கத் தூக்கினார்கள். முதல் படியில் கால் வைத்ததும் அவள் முன்னால் சரிந்தாள். ஜம்புலிங்கம் பாய்ந்து தோளைப் பிடித்திராவிட்டால் உருண்டிருப்பாள். பிடியை விடாமலே கேட்டான்: "மச்சான், இறங்கறதுக்கு அளந்தியா?"

வேதாசலத்தின் முகம் சுண்டியது. "ஏர்றதுக்குத்தான் பாவா..."

"எறக்குங்கடா கீழ!" என்று கௌரியம்மாள் கத்தினாள். "தரிசனம் பண்ணிட்டு சாமிக்கு முதுகக் காட்டிகினு எவளாவது போவாளா? என்னியக் கோபுரம் பாக்கத் திருப்புங்க."

திருப்பினார்கள். ஆட்கள் இறங்க, அவள் மட்டும் கோபுரத்தைப் பார்த்தபடி பின்னோக்கி வந்தாள். ஏறும்போது இருந்தமாதிரியே நிமிர்ந்து.

"பாத்தியா, அளவு சரிதான்" என்றான் வேதாசலம், மெதுவாக.

"அளவா? நீ அளந்தது இதுக்கா?" என்றான் ஜம்புலிங்கம். தன் உடம்பும் இதைச் சொல்லவில்லை. அக்கா முதுகைக் காட்டமாட்டாள் என்பது கூடப் பிறந்த தனக்கே தோன்றவில்லையே! யார் செய்த நாற்காலி இது?

"வாய மூடிகினு படியப் பாத்து எறங்குங்கடா ரெண்டு பேரும்" என்றாள் கௌரியம்மாள், கூப்பிய கையை எடுக்காமல்.

ஜம்புலிங்கம் மூங்கிலைப் பிடித்துக்கொண்டே நடந்தான். பிடிக்கத் தேவையிருக்கிறதா என்று தெரியவில்லை. விடவும் மனம் வரவில்லை.