ஏழாவது பெயர்

கடற்காற்றில் ஸ்கோர் புத்தகத்தின் தாள் படபடக்கும். ஒரு முருகைக்கல்லைத் தூக்கி அதன் மேல் வைத்துவிட்டுத்தான் பேனா மூடியைத் திறப்பேன். மை மணமும் உப்பு மணமும் ஒன்றாக மூக்கில் ஏறும்...

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. இறுப்பிட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு ரீச்சர். கிரிக்கெட் மட்ச் என்றால் ஆண்கள் எல்லோருக்கும் விளையாட ஆசை, ஸ்கோர் எழுத ஒருவருக்கும் ஆசையில்லை. "நீங்கள் கணக்கு ரீச்சர்தானே" என்று புத்தகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கட்டினால் என்ன, என் புத்தகத்தில் பிழை வராது. ஒவ்வொரு ஓவர் முடியவும் மற்ற ரீமின் ஸ்கோரரோடு சரிபார்ப்பேன். பாவம், அந்த மனிசனை நிம்மதியாக ஒரு வெற்றிலை போடவும் விட்டதில்லை.

போன மாதம் அலுமாரி துப்புரவாக்கும்போது அந்தப் புத்தகம் கிடைத்தது. நெடுந்தீவு ரீம் வள்ளத்தில் வந்து விளையாடிய ஒரு சனிக்கிழமை. பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போட்டேன், நீங்களும் சிரித்துச் சிரித்துக் கொமென்ட் போட்டீர்கள்.

இரண்டு நாளில் ஒரு போன். நெடுந்தீவிலிருந்து றோசலின் அக்கா.

"ரீச்சர், ஏழாவது பேர் என்ர தம்பி. யேசுதாசன். அவன் அண்டைக்கு விளையாடினவனோ?"

"ஓம் அக்கா. பதினாலு ரன் அடிச்சிருக்கிறார்."

பிறகு சொன்னார். அந்தச் சனிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை தம்பி யாழ்ப்பாணம் போனவன். அதோடு ஆள் இல்லை. அந்தச் சண்டைக் காலம் எப்படியென்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சனிக்கிழமை அவன் விளையாடினான் என்றால்... மூன்று நாள் கழித்தும் உயிரோடு இருந்திருக்கிறான்.

புத்தகத்தை மறுபடி எடுத்து மேசையில் விரித்தேன்.

நெடுந்தீவு ரீமின் கப்டன் இப்போது கனடாவில். தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அவன் வரேல்லை ரீச்சர். லிஸ்டில மட்டும் பேர் குடுத்தனாங்கள். வள்ளத்தில வந்தது பத்துப்பேர்தான்."

"யாழ்ப்பாணத்திலயிருந்து எங்கட பக்கத்துக்கு நேரா பஸ்ஸில வந்திருக்கலாமே?"

"வந்தா எனக்குத் தெரியாதோ? நீங்கள் பிழையா எழுதிப்போட்டியள். வெட்டிவிடுங்கோ."

பிழையா! நானா! கோபத்தில் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு கூட்டிப்பார்க்கத் தொடங்கினேன். பத்துப்பேர்தான் என்றால் ஒன்பதாவது விக்கெட்டோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். பத்து விக்கெட் விழுந்திருக்கிறது. அந்தப் பதினாலை வெட்டினால் மொத்தம் இடிக்கிறது. ஒவ்வொரு ஓவருக்கும் அவர்களுடைய ஸ்கோரர் போட்ட சரி அடையாளமும் இருக்கிறது.

யாரோ ஒருவர் ஆடியிருக்கிறார். மற்றப் பத்து முகத்தையும் ஒருமாதிரி நினைவுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் நினைக்க நினைக்க... வெயில்தான் தெரிகிறது. பயமாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

போன கிழமை காலை லோஞ்ச் ஏறிக் கடல் கடந்து றோசலின் அக்கா நேரே வந்துவிட்டார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நின்றபடியே புத்தகத்தில் தம்பியின் பெயரைத் தடவினார்.

"பேருக்குப் பக்கத்தில இதென்ன ரீச்சர், ஒரு வளைவு?"

"இடக்கையால ஆடினா அப்பிடிப் போடுவன் அக்கா."

சொல்லும்போதே பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். வேறு எந்தப் பெயருக்கும் அந்த வளைவு இல்லை. யார் சொல்லியும் நான் அதைப் போடுவதில்லை, கண்ணால் கண்டால்தான் போடுவேன்.

"அவன் சோத்துக்கும் இடக்கையை நீட்டி அம்மாட்ட அடி வாங்கிறவன்," என்றார் அக்கா.

கப்டன் சொன்னதையும் நான் மறைக்கவில்லை. வள்ளம், பத்துப்பேர், எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு நின்றார், அழவில்லை.

இப்போது அதே மைதானத்தில் பெடியள் போனில் ஸ்கோர் போடுகிறார்கள். பிழை என்றால் விரலால் ஒரு தட்டு, அந்தப் பந்து போடப்படவே இல்லை என்று ஆகிவிடும். நல்ல வசதிதான். எனக்கு அன்றைக்கு இருந்தது மை மட்டும். சிவப்புப் பேனாவை அக்காவுக்குத் தெரியாமல் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினேன்.

"இந்தப் புள்ளியள் என்ன ரீச்சர்?"

"ரன் எடுக்காத பந்துகள் அக்கா."

"எடுக்காட்டி என்ன... அதுக்கும் அவன் அங்க நிண்டவன்தானே?"

"ஓம் அக்கா."

அப்போதுதான் கதிரையில் இருந்தார். விரலை வைத்து, முதல் புள்ளியிலிருந்து எண்ணத் தொடங்கினார்.