ஜீப்புக்கு எழுதிய நாடகம்

1. அண்ணாச்சி வைத்த கெடு

"ஏம்மா, ஒன் நாடகத்த யாரு கேக்குறா?"

போடியில் இருக்கும் எங்கள் சமுதாய வானொலியின் செயலாளர் தனராஜ் அண்ணாச்சி, ஸ்டூடியோவுக்குள் வந்ததும் வராததுமாக இப்படித்தான் ஆரம்பித்தார். அவர் ஏலக்காய் வியாபாரி. காயை உள்ளங்கையில் போட்டு உருட்டியே தரம் சொல்லிவிடுவார். என் நாடகத்தையும் அப்படியே உருட்டிப் பார்க்க வந்திருந்தார்.

"ஒன் நாடகம் போற விடியக்காலையில முழிச்சிருக்கது மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைகதான். அவுக போற ஜீப்புல எல்லாம் பென் டிரைவுல பாட்டு ஓடுது. அந்தப் பாட்ட நாமளே போட்டா என்ன? இந்த சீசன் முடியிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஜீப்புல நாடகம் கேக்கலேன்னா அந்த நேரம் சினிமாப் பாட்டுக்குப் போயிரும்."

"அப்ப எனக்கு என்ன சோலி அண்ணாச்சி?"

"பொறந்தநாள் வாழ்த்து வாசி."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. வானொலி நாடகத்திலேயே தலை நரைத்தவள் நான். என்னை நம்பி மூன்று நடிகர்கள் வேறு. கடையையும் டியூஷனையும் விட்டுவிட்டு வந்து மைக் முன்னால் நின்று நிஜமாகவே அழுகிறவர்கள். அவர்களிடம் போய், "நாளையிலிருந்து வேண்டாம்" என்று எந்த முகத்தோடு சொல்வது? வாழ்த்து வாசிக்க நான் பிறக்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

2. மழை பெய்தது, ரேடியோ கெட்டுப்போனது

மறுநாள் விடியும்போது போடிமெட்டு போகும் ஜீப் ஒன்றில் ஏறிக்கொண்டேன். ஓட்டுநர் முருகேசனைக் கெஞ்சி நம் வானொலியை வைக்கச் சொன்னேன். பக்கத்தில் ராசிங்காபுரத்துப் பேச்சியம்மாள். ஜீப்பில் எந்தப் பேச்சு நடந்தாலும் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

அப்போது ஓடிக்கொண்டிருந்த கதை இது. மலைத் தோட்டத்தில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சாவி காணாமல் போகிறது. பழி கனகாவின் புருஷன் மேல் விழ, அவன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். தினமும் பொழுது சாயும் நேரத்தில் யாரோ வந்து கனகாவின் கதவைத் தட்டுகிறார்கள். திறந்தால் ஆள் இருப்பதில்லை. தட்டுவது யார்?

அந்த எபிசோடில் ஆசை ஆசையாக ஒரு மழை எஃபெக்ட் போட்டிருந்தேன். ஸ்டூடியோவில் ஹெட்ஃபோனில் கேட்டால் மேலெல்லாம் நனைந்த மாதிரி இருக்கும். ஜீப்பில் மழை தொடங்கியதும் பேச்சியம்மாள் முன்னால் எட்டி, "ஏப்பா முருகேசு, ரேடியோ கெட்டுப்போச்சு, மாத்துப்பா" என்றாள்.

கதாநாயகனின் கனத்த குரல் செகண்டு கியர் சத்தத்தோடு கலந்து காணாமல் போனது. புல்லாங்குழலைத் தூக்குச்சட்டிகளின் கடகடப்பு விழுங்கியது. இதெல்லாம் போதாதென்று, கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் மலை குறுக்கே வந்து சிக்னல் அறுந்தது.

"நானும் ரெண்டு மூணு நாளு வச்சுப் பாத்தேங்க்கா" என்றான் முருகேசன். "பாதி வருது, பாதி கரகரங்குது. பாட்டுன்னா பாதியில கேட்டாலும் பாட்டுத்தான். கதை அப்படியா?"

நியாயமான பேச்சு.

3. செய்த மராமத்தும் வாங்கிய திட்டும்

அன்றைக்கே எங்கள் சவுண்டு இன்ஜினியர் ஜெனிட்டாவை உட்காரவைத்து, ஜீப் ஸ்பீக்கர் ஒன்றை ஸ்டூடியோவில் மாட்டச் சொன்னேன். இனி மிக்ஸிங் எல்லாம் அதில்தான். அவள் முகம் சுளித்தாள். "அக்கா, இதுல கேட்டா எல்லாருக்கும் சளி புடிச்ச மாதிரி இருக்கு."

"அதுலயும் தெளிவா கேக்கணும்னா என்ன செய்யணுமோ அதச் செய்."

மழையை எடுத்தோம். பின்னணி இசையைப் பாதிக்கு மேல் வெட்டினோம். நாடகம் எழுத வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்: வானொலியில் முகம் கிடையாது, அதனால் பேசுகிறவர் யாரிடம் பேசுகிறார் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். "என்ன மாமா, இந்நேரத்துல?" என்று ஒருத்தி கேட்டால் ஆளும் உறவும் பொழுதும் ஒரே வரியில் வந்துவிடும். கதவு தட்டுவதற்கும் ஒரு கணக்கு வைத்தேன். இரண்டு தட்டு வேகமாக, கொஞ்சம் பொறுத்து ஒன்று. எஞ்சின் இரைச்சலைத் தாண்டி அது கேட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். வளைவில் விட்டுப்போனது புரியவேண்டுமே என்று ஒவ்வொரு காட்சியிலும் முந்தைய கதையைப் பாத்திரங்கள் வாயிலாகத் திரும்பச் சொல்ல வைத்தேன். அடுத்த முறை ஜீப்பில் போனபோது பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "இவ என்ன, எங்க மாமியா மாதிரி சொன்னதையே சொல்லிக்கிட்டிருக்கா? பேசாம பாட்டப் போடப்பா."

முருகேசன் பாட்டைப் போட்டான். காய்ப்பறிப்புப் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சியம்மாள் பார்த்துவிடக் கூடாதே என்று வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4. இந்த ஜீப்பிலிருந்து அந்த ஜீப்புக்கு

ஒரு நாள் இறங்கி வரும்போது மலையடிவாரத்து முந்தலில், டீக்கடை முன்னால் இரண்டு ஜீப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அடுத்த ஜீப்பில் இருந்த ஒருத்தியைப் பார்த்துப் பேச்சியம்மாள் கத்தினாள்.

"ஏ ராசாத்தி! காலையில அந்தக் கனகா கதவத் தொறந்தாளா? எங்களுக்கு வளைவுல விட்டுப்போச்சு."

"நாங்க கீழயே வந்துக்கிட்டிருந்தோம், எங்களுக்குக் கேட்டுச்சு. தொறந்தா, ஆளு இல்ல. வாசல்ல ஒரு வளையல் துண்டு கெடந்துச்சு."

"வளையலா? அப்ப தட்டுனது பொம்பளையா!"

இரண்டு ஜீப்பும் சலசலவென்று பேச ஆரம்பித்தன. நான் டீ கிளாஸோடு அப்படியே நின்றுவிட்டேன். பாட்டைப் போடச் சொன்னவள்தான், மறுபடியும் நாடகத்தை வைக்கச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கதவு மட்டும் அவளை விடவில்லை. நான் இத்தனை நாளாக அடைக்கப் பார்த்த ஓட்டை வழியாகத்தானே கதை ஒரு ஜீப்பிலிருந்து இன்னொரு ஜீப்புக்குப் போய்க்கொண்டிருந்தது!

அன்று மாலையே ஸ்கிரிப்டைக் கிழித்துத் திருப்பி எழுதினேன். முன்கதைச் சுருக்கம் எல்லாம் போயிற்று. சின்னச் சின்னக் காட்சிகள். ஒவ்வொன்றும் தனியாகக் கேட்டாலே புரியும், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு துப்பு. முன்னால் கிளம்பிய ஜீப்புக்கு வளைவில் விட்டுப்போகும் துப்பு, பின்னால் கிளம்பிய ஜீப்புக்குச் சமவெளியில் கிடைக்கும். முழுக் கதையும் எந்த ஜீப்புக்கும் கிடைக்காது. வேண்டுமென்றால் அடுத்தவளிடம் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"வாட்ஸ்அப்புல முழுசா அனுப்பிருவோமாக்கா?" என்றாள் ஜெனிட்டா.

"அனுப்புன, கையை ஒடிச்சுப்புடுவேன்."

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் காய் எடை போடுகிற இடத்தில் கனகா கதைதான் பேச்சு என்று முருகேசன் வந்து சொன்னான். "பாட்டு வச்சா என்னையவே எறக்கி விட்ருவாளுக போலக்கா" என்றான். எனக்குக் காதெல்லாம் குளிர்ந்தது.

5. கதவு திறந்த காலை

கடைசி எபிசோடு அன்று பேச்சியம்மாளின் ஜீப்பில் நானும் இருந்தேன். முந்தல் வந்ததும் முருகேசன் வண்டியை ஓரங்கட்டினான். அதற்கு மேல் சிக்னல் அறுந்துவிடும். பார்த்தால் எங்களுக்கு முன்னாலும் ஜீப்புகள், பின்னாலும் ஜீப்புகள். ஒன்றும் மலை ஏறவில்லை. எல்லாவற்றிலும் ஒரே குரல், ஒரே நாடகம்.

"சூப்பர்வைசர் வைய மாட்டாரா?" என்று கேட்டேன்.

"வையட்டும். போய் வெரசா எடுத்துக்கிருவோம். நீங்க சும்மா இருங்க" என்றாள் பேச்சியம்மாள்.

பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. இறங்கி வந்தவர் தனராஜ் அண்ணாச்சி. ஏலக்காய் பார்க்க மலைக்குப் போகிறவர். "என்னப்பா, ஆக்சிடென்டா? எதுக்கு வரிசையா நிக்கிறீக?" என்று எங்கள் ஜீப் ஓரம் வந்தார்.

பேச்சியம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சத்தம் போடாதீக அண்ணாச்சி, கதவு தொறக்குது."

இரண்டு தட்டு வேகமாக. பொறுத்து ஒன்று. பிறகு தாழ்ப்பாள். அதன்பின் நான் ஒன்றுமே வைக்கவில்லை. வசனம் இல்லை, இசை இல்லை, வெறும் மௌனம். மௌனத்தைப் போல ஒரு எஃபெக்ட் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சாலை ஓரம் முழுக்க ஒரு தூக்குச்சட்டிகூட அசையவில்லை.

"நீயாக்கா?" என்றாள் கனகா.

சாவியை எடுத்தவள் அடுத்த வீட்டுக்காரி. தினமும் உண்மையைச் சொல்ல வந்து கதவைத் தட்டியவளும் அவளே. வாய் வராமல் ஓடிப்போனவளும் அவளே. ஜீப்புகளிலிருந்து எழுந்த சத்தத்தில் டீக்கடைக்காரர் வெளியே ஓடி வந்தார். பேச்சியம்மாள் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். என் வாழ்நாளில் வாங்கிய பரிசு வேறு எதையும் அதற்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன்.

நான் கற்றது இதுதான். கேட்கிறவர் எங்கே உட்கார்ந்து கேட்கிறாரோ, அங்கே போய் உட்கார்ந்து எழுது. எல்லாவற்றையும் நீயே சொல்லிவிடாதே, அவர்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வை.

அண்ணாச்சி இன்னும் ஜீப்பின் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, கார்ல நானும் தெனமும் கேட்டுக்கிட்டுத்தான் போறேன். நடுவுல ஒரு நாளு எனக்கும் வளைவுல விட்டுப்போச்சு. அந்தச் சாவிய அவ எதுக்கு எடுத்தா?"

"நான் சொல்ல மாட்டேன் அண்ணாச்சி. கேட்டவுககிட்ட கேளுங்க."

அவர் பேச்சியம்மாளைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். "எங்களுக்கும் அது விட்டுப்போச்சே."

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு கை நீண்டது. "இங்க வாங்க அண்ணாச்சி! அன்னைக்கு அந்த எடம் எங்க ஜீப்புக்குத்தான் கெடச்சுச்சு!"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அண்ணாச்சி அந்த ஜீப்பைப் பார்த்து ஓடினார்.