லோர்னாவின் மேஜையில் ஒரு ஊமை ரேடியோ

நெப்ராஸ்கா நெடுஞ்சாலையில், லாரிகள் நிற்கும் வர்ஜிலின் கடையில், காபிக் கவுன்டருக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டிருந்தார் லோர்னா பாவ்லிக். இருபத்திரண்டு வருடம் மாட்டு லாரி ஓட்டிய பெண்மணி. முதுகு ஒத்துழைக்காமல் போனதும், ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பழைய ரேடியோக்களைப் பழுதுபார்க்க உட்கார்ந்துவிட்டார். ஒரு மாதத்தில் வந்தது நாலே பேர்.

"மத்தியானம் இந்த இடத்துக்கு, காசு போட்டா பொம்மை பிடிக்கிற விளையாட்டு மிஷின் வருது, லோர்னா. மேஜையை எடுத்துக்க" என்றார் வர்ஜில்.

அந்த நேரம் பார்த்து ஓட்டுநர் கிளீவ் ஒரு ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். எழுபத்தேழாம் வருடத்துப் பெட்டி. விளக்கு எரிந்தது, சத்தம் மட்டும் இல்லை.

"மூணு கடைல பாத்தாச்சு. செத்துப்போச்சுங்கறாங்க."

"சாகறதுக்கு இதென்ன கோழியா? வைங்க இப்படி."

வர்ஜில் சிரித்தார். "இது பேசிடுச்சுன்னா மேஜை இங்கேயே இருக்கட்டும், போ!"

காபிக் கோப்பைகளோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. லோர்னா மூடியைக் கழற்றினார். மின்சாரம் சரியாக ஏறியது. ஸ்பீக்கரைத் தனியாகச் சோதித்தால் 'கிர்' என்றது. முன்பு பார்த்த கடைக்காரர்கள் மாற்றி வைத்த பாகங்களில், பற்றவைத்த புது ஈயம் பளபளத்தது. எதிலும் குறையில்லை! பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். அப்போதுதான் மைக் கண்ணில் பட்டது. ரேடியோ வெளுத்திருந்தது, மைக் புத்தம் புதுசு.

"மைக் எப்ப மாத்துனீங்க?"

"போன கோடையில. பழசை என் நாய் கடிச்சுத் தின்னுடுச்சு."

"ரேடியோ எப்ப ஊமையாச்சு?"

கிளீவ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அதே வாரம். ஆனா கச்சிதமாப் பொருந்துச்சே!"

"பிளக் பொருந்தும்யா! உள்ள இருக்கிற நாலு ஒயரோட வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேற. இந்தப் பெட்டியில ஸ்பீக்கர் சத்தமே மைக் வழியாச் சுத்தித்தான் வரணும்."

நாலு ஒயரையும் கழற்றி, இடம் மாற்றிப் பற்றவைத்தார். கூரை ஆன்டெனாவை மாட்டி, சுவிட்சைத் தட்டினார். 'கர்ர்ர்' என்று இரைந்தது பெட்டி! மைக்கை அழுத்தி, லாரி ஓட்டிய காலத்தில் ரேடியோவில் தனக்கிருந்த பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"பத்தொன்பதாம் சேனல்ல யாராவது இருக்கீங்களா? முள்ளம்பன்றி பேசறேன். கேக்குதா?"

பெட்டியிலிருந்து ஒரு கரகரத்த குரல்: "கணீர்னு கேக்குது முள்ளம்பன்றி! எங்க தொலைஞ்சே இத்தனை நாளா?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. நாலைந்து பேர் தங்கள் ஊமை ரேடியோக்களைக் கொண்டுவர லாரிகளை நோக்கி ஓடினார்கள். மிஷினைத் தள்ளிக்கொண்டு வந்தவர்களை வர்ஜில் வாசலிலேயே மறித்து, "வெளிய வைங்கப்பா, வெளிய!" என்று கத்தினார்.

லோர்னா அதைக் கவனிக்கவேயில்லை. மூச்சிரைக்க முதலில் வந்து நின்றவரிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

"பெட்டியை மட்டும் தூக்கிட்டு வந்தா எப்படிய்யா? ஓடு, மைக்கைக் கொண்டா!"